இரும்புக்குக் கொடுங்கள் காசை!

போன இதழில் ஏதோ ஒரு பதிலின் வாலில், "வால்வு ஆம்ப்ளிஃபையரில் பாட்டுக் கேட்பது தனிச் சுகம்" என்று ஒரு வரி எழுதித் தொலைத்தேன். இப்போது தபால்காரர் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. போடியில் தொடங்கி தேவாரம், சின்னமனூர், மலைக்கு மேலே பூப்பாறை வரை ஒரே கேள்விமயம். எல்லார் கையிலும் கொஞ்சம் காசு, எல்லார் மனசிலும் பெரிய ஆசை. ஆகவே இந்த முறை வேறு எந்தச் சங்கதியும் கிடையாது. வால்வு, வால்வு, வால்வு.

கேள்வி: நான் வால்வு என்கிறேன், பையன் ட்யூப் என்கிறான். எது சரி? (சுப்புராஜ் நகர், போடி)

இங்கிலாந்தின் பிளெமிங் 1904இல் இதைச் செய்தபோது, கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுகிறது, சைக்கிள் வால்வு காற்றை விடுகிற மாதிரி, என்பதால் வால்வு என்றார். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் உள்ளே இன்னொரு கம்பியை நுழைத்தார். சின்ன சிக்னலால் பெரிய கரண்டை ஆட்டிவைக்கிற வித்தை அங்கேதான் ஆரம்பம். அமெரிக்கர்களுக்கு அது ட்யூப். பையனும் சரி, நீங்களும் சரி. ஆனால் போடிக் கடைவீதியில் போய் ட்யூப் கேட்டால் நாலடி நீளத்துக்கு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் பார்த்தேன். உள்ளங்கை அளவு. இரண்டு வால்வு, ஆரஞ்சு வெளிச்சம், ப்ளூடூத், 100 வாட். வாங்கலாமா? (கல்லூரி மாணவி, சில்லமரத்துப்பட்டி)

ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறவர்களைப் பற்றி உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவும் அந்த ரகம்தான். நீங்கள் பார்த்த ஆரஞ்சு வெளிச்சத்தில் பெரும்பங்கு வால்வின் அடியில் ஒட்டிய எல்.இ.டி.யுடையது. ஸ்பீக்கரை ஓட்டுகிற வேலை முழுக்க உள்ளே இருக்கிற ஒரு சின்ன சிப்புடையது. வால்வு இரண்டும் கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் மாதிரி, உள்ளே போகிற சிக்னலுக்கு ஒரு வணக்கம் வைத்து அனுப்பும். அவ்வளவே.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி, தூக்கிப் பார்ப்பது. ஏலக்காயை லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்த்துத்தானே தரம் பிரிக்கிறோம்? இதற்கும் அதே கணக்கு. உண்மையான ஸ்டீரியோ வால்வு ஆம்ப்ளிஃபையரில் பெரும்பாலும் மூன்று இரும்பு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கரண்டுக்கு ஒன்று, இடம் வலம் ஸ்பீக்கருக்கு ஒவ்வொன்று. வால்வு வேலை செய்வது 250, 300 வோல்ட்டில், சொற்பக் கரண்டோடு. ஸ்பீக்கர் கேட்பதோ சில வோல்ட், ஆனால் நிறையக் கரண்டு. இந்த இரண்டு பேரையும் பேசி முடிக்கிற தரகர்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். தரகர் சரியில்லை என்றால் எட்டு எம்.எம். ஏலக்காயும் நஷ்டத்துக்குத்தான் போகும். லேப்டாப் சார்ஜர் மாதிரி ஒரு அடாப்டரில் ஓடுகிற, அரைக் கிலோகூட நிற்காத பெட்டிக்குள் அந்தத் தரகர் இருக்க வாய்ப்பே இல்லை.

வாங்கினால் பாவமில்லை. அந்தச் சிப்புகள் இன்றைக்கு நன்றாகவே பாடுகின்றன. சிப் ஆம்ப்ளிஃபையர் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகக் கேளுங்கள்.

கேள்வி: வால்வு செட் ஐந்து வாட், எட்டு வாட் என்கிறார்களே! எங்கள் டிராக்டரில் இருப்பதே 200 வாட். ஐந்து வாட்டில் என்னத்தைக் கேட்பது? (தோட்டக் கணக்குப்பிள்ளை, போடிமெட்டு)

உங்கள் டிராக்டர் சத்தத்தைத் தாண்டிக் கேட்க 200 வாட் வேண்டியதுதான். வீட்டுக்குள் கதை வேறு.

வாட் என்பது தீனி. சத்தம் போடுவது ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் கேட்கும் என்று ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு கணக்கு உண்டு. இன்றைய சின்ன அலமாரி ஸ்பீக்கர்கள் பல 86 டெசிபல் பக்கம் நிற்கின்றன. அந்தக் காலத்துப் பெரிய காகிதக் கூம்பு ஸ்பீக்கரில் 95 தருவதும் உண்டு. மூன்று டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட்டை இரண்டு மடங்கு ஆக்க வேண்டும். இப்போது நீங்களே கணக்குப் போடுங்கள், தொழிலே அதுதானே. 95க்கும் 86க்கும் வித்தியாசம் 9. மூன்று முறை இரட்டித்தால் எட்டு மடங்கு. ஆக, 95 டெசிபல் ஸ்பீக்கரில் 5 வாட் போடுகிற சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப 40 வாட் வேண்டும்.

இன்னொன்று. நம் காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று படுவதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 50 வாட் செட், 5 வாட் செட்டைவிடப் பத்து மடங்கு கத்தாது, ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கத்தும். திருவிழா மைக் செட்டின் குழாய் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே 100 டெசிபலைத் தாண்டும். வால்வு ஆம்ப்ளிஃபையர் காலத்திலேயே பக்கத்து ஊர் வரைக்கும் அம்மன் பாட்டு கேட்டது அந்தக் குழாயின் புண்ணியம். 1930களின் அமெரிக்க சினிமாத் தியேட்டர்களில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் 8 வாட் ஆம்ப்ளிஃபையர் முழுக் கொட்டகைக்கும் சத்தம் கொடுத்தது. உங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு, சரியான ஸ்பீக்கர் இருந்தால், ஐந்து வாட் தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குத் தாராளம்.

கேள்வி: வாங்கப்போவது வீட்டுக்காரர். கரண்டு பில் கட்டப்போவது நான். எவ்வளவு இழுக்கும்? (மேலச்சொக்கநாதபுரம்)

சின்ன ஸ்டீரியோ வால்வு செட் சுமாராக 60 வாட் இழுக்கும், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும். தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 10.8 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டுக்குள் அடங்கலாம். வெயில் காலத்தில் அந்த 60 வாட் சூட்டை அறையைவிட்டு வெளியேற்ற ஃபேன் ஓடுமே, அந்தக் கணக்கை அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: அப்பா வாங்கிய வால்வு ரேடியோ பரணில் கிடக்கிறது. ஒரு காலத்தில் இலங்கை வானொலி கேட்டதெல்லாம் அதில்தான். அதையே முதல் ஆம்ப்ளிஃபையராக ஆக்கிக்கொள்ள முடியுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், போடி)

இத்தனை கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இது. முடியும். இதைவிட மலிவாக ஒரு வழி இல்லவும் இல்லை. ஆனால் பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கைச் சொருகிவிடாதீர்கள் சார். முப்பது வருஷம் தூங்கினவரை எழுப்பி உடனே மலை ஏறச் சொன்னால் என்ன ஆகும்? உள்ளே இருக்கிற கண்டென்சர்கள் காய்ந்திருக்கும், கசியும். கசிகிற கண்டென்சர் ஒன்று நல்ல அவுட்புட் வால்வைக் கொன்றுவிடும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் சிதையேற்றிவிடும். முதலில் கண்டென்சர்களை மாற்றுங்கள். பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டுக் கரண்டு கொடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் செட் பிழைத்தது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே எங்கோ ஷார்ட்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பின் அட்டையைக் கழற்றி, வால்வுகளின் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வுக்கும் நம்மைப் போல இனிஷியல் உண்டு. முதல் எழுத்து 'ஈ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். அடுத்து வருவது உள்ளே இருக்கும் ஆள்: 'சி' என்றால் டிரையோடு, 'எல்' என்றால் ஸ்பீக்கரைத் தள்ளுகிற அவுட்புட் வால்வு. எண் 8இல் தொடங்கினால் ஒன்பது முள் சின்ன அடி. ஆக, ஈசிசி83 என்பது ஒரே கண்ணாடிக்குள் இரட்டை டிரையோடு, ஈஎல்84 என்பது அவுட்புட் வால்வு. உங்கள் செட்டில் எல்லாம் 'ஈ' வரிசையாக இருந்து, உள்ளே இரும்புக் கட்டியாகப் பவர் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் தைரியமாக மேலே போகலாம்.

எல்லாம் 'யூ'வில் தொடங்கினால், அதாவது யூஎல்84, யூசிஎச்81 என்று இருந்தால், கையை எடுங்கள். அவை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி.–டி.சி. செட்டுகள். மெயின் கரண்டின் ஒரு வயர் நேராகச் சேசிஸில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் சொருகினால் தகரம் முழுக்க 230 வோல்ட். அதில் போனை இணைத்தால் போன் போகும், கூடவே நீங்களும். அதை ரேடியோவாகவே ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் அழகுக்கு வையுங்கள்.

'ஈ' வரிசைதான் என்று உறுதியானால், பின்பக்கம் இசைத்தட்டுக்காக ஒரு 'பிக்கப்' சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். போனிலிருந்து வருகிற இடது, வலது வயர்களை நேராக முறுக்கிவிடாதீர்கள், ஆளுக்கு ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டுச் சேர்த்து அந்தச் சாக்கெட்டில் கொடுங்கள். போன் அப்போது சார்ஜரில் இருக்கக்கூடாது. அரை நிமிஷம் பொறுங்கள். ஸ்டேஷன் பிடிப்பதைக் காட்டும் பச்சை மேஜிக் ஐ உள்ள செட் என்றால் அது மெல்லக் கண் திறக்கும். பிறகு பாட்டு வரும், ஒற்றை ஸ்பீக்கரில், மோனோவில், அப்பா கேட்ட அதே மரப்பெட்டிக் குரலில். இதைக் கேட்ட பிறகும் பெரிய செட் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள்.

கேள்வி: அளந்து பார்த்தால் டிரான்சிஸ்டர்தான் சுத்தம் என்கிறார்கள். பிறகு வால்வில் மட்டும் என்ன இனிமை? (பாட்டு டீச்சர், சின்னமனூர்)

அளப்பவர்கள் சொல்வது நிஜம். வால்வு கொஞ்சம் பொய் சொல்கிறது. ஆனால் சுருதி சேர்த்துப் பொய் சொல்கிறது.

நீங்கள் ஒரு சட்ஜம் கொடுத்தால், ஒற்றை வால்வு அவுட்புட் உள்ள ஆம்ப்ளிஃபையர் அதோடு இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் இன்னொன்றைத் தானாக லேசாகச் சேர்க்கும். இரண்டு மடங்கு என்றால் மேல் சட்ஜம். மூன்று மடங்கு சேர்ந்தால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம். தம்புரா மீட்டினால் கேட்கிற கூட்டம்தான் இது, காது எப்படி மறுக்கும்? ஏழு மடங்கு, ஒன்பது மடங்கு என்று மேலே போனால்தான் அபஸ்வரம். சக்திக்கு மீறி ஓட்டினாலும் வால்வு சட்டென்று வெட்டாமல் வழுக்கிக்கொண்டு அமுங்கும். இதற்குமேல் இதில் மாயம் எதுவும் இல்லை. வால்வில் கேட்டால் ஆன்மா தெரிகிறது என்று யாராவது சொன்னால் பர்ஸை உள்பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டிரண்டு வால்வாகப் போட்டு இழுத்துத் தள்ளுகிற புஷ்–புல் செட்டில் அந்த இரட்டை மடங்கு பெருமளவு தனக்குத்தானே அடிபட்டுப்போகும். வாட் கூடும், சாயல் குறையும். ஒற்றை ஈஎல்84 ஐந்து வாட் பக்கம், இரட்டை பத்துக்கு மேல். குரலும் வீணையும் போதும் என்றால் ஒற்றை.

கேள்வி: அப்படியென்றால் எங்க ஊர்க்காரர் பாட்டுக்கு? (பண்ணைப்புரம்)

இப்படிக் கேட்க உங்கள் ஊருக்கு மட்டுமே உரிமை. 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சியார் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடியதைக் கேட்க ஒற்றை வால்வு செட்டுக்கு இணை கிடையாது. உங்கள் ஊர்க்காரர் இளையராஜா வேறு வழக்கு. 'அன்னக்கிளி' (1976) வந்தபோது வீடுகளில் டிரான்சிஸ்டர் புகுந்துவிட்டது. பிறகு வந்த பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டே போகும். அந்தக் கதை குழையாமல் கேட்க, ஸ்பீக்கரின் கூம்பை இழுத்துப் பிடிக்கிற ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஒற்றை வால்வு அங்கே கொஞ்சம் பிடி தளரும். ராஜாவுக்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் புஷ்–புல் வாங்குங்கள். அல்லது டிரான்சிஸ்டரிலேயே இருந்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றி, செட்டையும் நானே செய்தால் காசு மிச்சம்தானே? (போடி)

அண்ணே, பாதிச் செட் உங்கள் கையிலேயே இருக்கிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் உங்களுக்கு வெல்லம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்தான் சோதிக்கும். பிரைமரியை முழுக்கச் சுற்றி அதன்மேல் செகண்டரியைச் சுற்றினால் ஜால்ரா சத்தம் கம்பளிக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி வரும். ஒரு அடுக்கு இது, ஒரு அடுக்கு அது என்று பிரித்துப் பிரித்துச் சுற்ற வேண்டும். ஒற்றை வால்வுக்கு என்றால் கோரில் டி.சி. ஓடும், அதனால் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் 'ஈ' ஒரு பக்கம், 'ஐ' ஒரு பக்கம் வைத்து நடுவில் மெல்லிய காகிதம் கொடுக்க வேண்டும். ஈஎல்84க்கு ஐயாயிரம் ஓமிலிருந்து எட்டு ஓமுக்கு. முதல் ஜோடியைத் தூக்கிப் போடுவீர்கள், இரண்டாவது ஜோடி பாடும்.

இரண்டு எச்சரிக்கை. ஸ்பீக்கர் இணைக்காமல் செட்டை ஓட்டாதீர்கள். வாலிப வயதில் நான் ஸ்பீக்கர் வயர் கழன்றது தெரியாமல், சத்தம் வரவில்லையே என்று வால்யூமைத் திருகிக்கொண்டே போனேன். டிரான்ஸ்ஃபார்மருக்குள் ஊசிப் பட்டாசு வெடித்தது, அந்த மாதச் செலவுக் காசும் அதோடு வெடித்தது. அடுத்தது இன்னும் முக்கியம். உங்களுக்குப் பழக்கமானது 230 வோல்ட் ஏ.சி. இங்கே கண்டென்சரில் 300 வோல்ட் டி.சி. தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும். வடிகால் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். மீட்டரில் அளந்து பூஜ்யம் பார்க்காமல் உள்ளே விரல் போகக்கூடாது. சோதிக்கும்போது இடது கை சட்டைப்பையில் இருக்கட்டும்.

கேள்வி: நியூட்ரினோ ஆய்வகம் வந்தால் என் வால்வுக்கு ஏதும் ஆகுமா? (பொட்டிபுரம்)

வருமா வராதா என்பது வேறு பஞ்சாயத்து. நியூட்ரினோ பூமியையே துளைத்துக்கொண்டு போகிற ஆள், உங்கள் வால்வை ஏறெடுத்தும் பார்க்காது. உங்கள் வால்வுக்கு எமன், ராத்திரி தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் நின்றதும் எகிறுகிற வோல்டேஜ். 220 வோல்ட்டுக்குச் செய்த வெளிநாட்டு செட்டில் 250 புகுந்தால் 6.3 வோல்ட் இழைக்கு 7.1க்கு மேல் போகும். ஆயுசு பாதி. ஸ்டெபிலைசர் வாங்குங்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்த 110 வோல்ட் செட்டை நேராகச் சொருகுவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ஆனி, ஆடியில் வீட்டுக்குள்ளேயே மேகம் நுழைகிறது. இங்கே வால்வு செட் தாங்குமா? (குரங்கணி)

தினம் ஒரு மணி நேரம் ஓடுகிற செட் தாங்கும், தன் சூட்டிலேயே தன்னைக் காயவைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடிவைத்தால்தான் ஆபத்து. வார்னிஷில் முக்கி எடுத்த டிரான்ஸ்ஃபார்மரா என்று கேட்டு வாங்குங்கள். ஈரம் இறங்கியிருந்தால் முதல் நாள் அதே சீரிஸ் பல்பு வைத்தியம். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வைத்துக் காயவைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள்.

கேள்வி: வால்வு போய்விட்டால் எங்கே தேடுவது? (தேவாரம்)

பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இலிருந்து ரேடியோ வால்வு செய்தது. அந்தக் கையிருப்பு இன்னும் பழைய மெக்கானிக்குகளின் டிரங்குப் பெட்டியிலும், சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு மூலைகளிலும் கிடைப்பதுண்டு. அட்டைப்பெட்டி கசங்கியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள், உள்ளே தங்கம் இருக்கலாம். புதிதாகச் செய்கிற நாடுகளில் முக்கியமானவை ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா. 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய வால்வு வரத்து தடைபட்டது, உலகம் முழுக்க விலை துள்ளியது. ஆகவே ஈஎல்84, ஈசிசி83, 6வி6 போல எங்கும் கிடைக்கிற வால்வில் ஓடும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள். பேர் தெரியாத அபூர்வ வால்வு செட் மலிவாக வந்தால், மலிவுக்குக் காரணமே அதுதான்.

கேள்வி: ஹாலில் எதைப் போட்டாலும் எதிரொலி. ஆம்ப்ளிஃபையரை மாற்றலாமா? (போடி)

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை. நீங்கள் கட்டியிருப்பது ஹால் இல்லை, கிணறு. இலவம் பஞ்சுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! இரண்டு பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். விருந்தாளி வந்தால் படுக்கவும் ஆச்சு.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கையில் 25 ஆயிரம் இருக்கிறது. இப்போது என்ன வாங்க? (பூப்பாறை)

இப்போது வால்வு ஆம்ப்ளிஃபையர் வாங்காதீர்கள்.

90 டெசிபலுக்கு மேல் தருகிற, 8 ஓம் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்குங்கள். பாதிக் காசுக்கு மேல் அதற்கே போகட்டும். கையிலிருக்கிற பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரிலேயே ஆறு மாதம் ஓட்டுங்கள். மிச்சக் காசோடு அடுத்த காய் சீசன் பணத்தையும் சேர்த்து, ஒற்றை ஈஎல்84 செட் ஒன்றைத் தேடுங்கள். உள்ளூரில் கையால் செய்ததோ, செகண்ட் ஹேண்டோ இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் எடைக்குக் கப்பல் கூலி, அதன்மேல் சுங்கவரி, பழுதானால் திருப்பி அனுப்ப வழி கிடையாது. விற்பவர் வால்வின் பிராண்டைப் பற்றி அரை மணி நேரம் பேசி, டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வால்வை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இரும்பை மாற்ற முடியாது.

இனி எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் ஒட்டியிருக்கிற சீட்டில் ஓம் எத்தனை, டெசிபல் எத்தனை என்று பார்த்துக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அது இல்லாத கடிதங்களுக்கு அடுத்த இதழில் பதில் கிடையாது.